கேரட்டுக்கு நன்றாக ஓடும் ஜூஸர் கீரைக்குத் திணறுகிறது, வேறு வாங்கலாமா?

கேட்டவர்:
வணக்கம். எங்களிடம் இருப்பது வேகமாகச் சுற்றும் வகை ஜூஸர். ஆப்பிள், கேரட்டுக்குக் குறையே சொல்ல முடியாது. கீரைதான் பிரச்சினை. ஒரு கட்டு உள்ளே போனால் அடியில் கொஞ்சம் சாறு வருகிறது, மீதியெல்லாம் ஈரச் சக்கையாக வெளியே வந்து விழுகிறது. இப்போது பீட்ரூட் போட்டால் மெஷினே மேடையில் ஆடவும் ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்குத் தினமும் காலையில் காய்கறிச் சாறு கொடுக்கிறோம், அதனால் தள்ளிப்போட முடியாது. இதையே சரிசெய்யலாமா, ஸ்லோ ஜூஸர் வாங்கிவிடலாமா?

பதில் 1:
முதலில் அந்த ஆட்டத்தைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு சல்லடைக் கூடையைக் கழற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் சக்கை அப்பியிருந்தால் எடை ஏறுமாறாகி ஆடும். கூடையின் அடிப்பக்கத்தையும் அது உட்காரும் இடத்தையும் துடைத்து, சரியாகப் பொருத்தி, எதுவும் போடாமல் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஆடினால் கூடையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விரிசலோ, வலை விட்டுப்போன இடமோ இருந்தால் இனி அதை ஓட்டவே வேண்டாம். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் பாகம் அது, உடைந்தால் தெறிக்கும்.

அப்புறம், கேரட் சக்கையைக் கையில் எடுத்துப் பிழியுங்கள். சாறு சொட்டினால் துருவும் பற்கள் மழுங்கியிருக்கலாம், அல்லது நீங்கள் அவசரமாக அழுத்தித் தள்ளுகிறீர்கள்.

பதில் 2:
கீரை விஷயத்தில் மெஷின் மேல் தப்பில்லை. உங்கள் வகை முதலில் துருவுகிறது, பிறகு சுழற்றிச் சாற்றைப் பிரிக்கிறது. கேரட் கெட்டியாக இருப்பதால் பல்லுக்கு நின்று கொடுக்கும். இலை மெல்லியது, சரியாகத் துருவப்படும் முன்பே சுழற்சியில் வெளியே வீசப்பட்டுவிடும். இலைகளை இறுக்கமாகச் சுருட்டி, இரண்டு ஆப்பிள் துண்டுகளுக்கு நடுவே வைத்து மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். ஓரளவு தேறும்.

ஸ்லோ ஜூஸர் பெரும்பாலும் நிமிடத்துக்கு 40 முதல் 100 சுற்றுதான் சுற்றும். உள்ளே இருக்கும் திருகு, இலையை நசுக்கி சல்லடையோடு சேர்த்துப் பிழியும். கீரைதான் முக்கியம் என்றால் படுக்கைவாக்கில் இருக்கும் மாடலைப் பாருங்கள். நிற்கும் மாடல் கேரட், ஆப்பிள் எல்லாவற்றையும் தானே இழுத்துக்கொள்ளும், வேலை சுலபம், ஆனால் நார் அதிகமுள்ள தண்டு திருகில் சுற்றிக்கொள்ளும். எதுவானாலும் தண்டை 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கிப் போடுங்கள். பின்னோக்கிச் சுற்றும் பட்டன் இருக்கிறதா, தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்பதை வாங்குமுன் கட்டாயம் பாருங்கள். வாட் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஸ்லோ வகையில் பற்சக்கரம் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டுகிறது, அதனால் 200 வாட்டே போதும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. கூடையின் அடியில் உலர்ந்த சக்கை கல் மாதிரி ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்ததும் ஆட்டம் நின்றுவிட்டது. கீரையைச் சுருட்டிப் போட்டதில் கொஞ்சம் கூடுதலாக வந்தது, ஆனாலும் சக்கை ஈரமாகத்தான் இருக்கிறது. வேகமாகச் சுற்றும் மெஷின் சூட்டில் சத்தெல்லாம் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

பதில் 3:
அந்தப் பேச்சை நம்பிக் காசைச் செலவழிக்க வேண்டாம். கொஞ்ச நேரம் ஓட்டுவதில் சாறு அவ்வளவாகச் சூடாவதில்லை. காற்று அதிகம் கலப்பதுதான் வித்தியாசம், நுரை கூடுதலாக வருவது அதனால்தான். ஆப்பிள் சாறு பழுப்பாவது அதிலேயே உள்ள ஒரு நொதி காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை, எலுமிச்சை பிழிந்தால் மெதுவாகும். எந்த மெஷினில் எடுத்தாலும் உடனே குடித்துவிடுவது நல்லது.

சல்லடையை வேலை முடிந்த கையோடு கழுவுங்கள். காய்ந்த பிறகு பிரஷ் வைத்துத் தேய்த்தாலும் சல்லடைத் துளைகளில் அடைத்தது எளிதில் போகாது. நான் ஜூஸர் வாங்க யோசனை கேட்பவர்களிடம் முதலில் கேட்பது, தினமும் யார் கழுவுவார்கள் என்பதைத்தான். வாழைப்பழம் மாதிரி கூழாகும் பழங்களுக்கு எந்த ஜூஸரும் வேண்டாம், மிக்ஸி போதும்.

பதில் 4:
ஒன்று கேட்கலாமா? அப்பா மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்குக் கீரையின் அளவு திடீரென்று மாறக் கூடாது. கீரையில் வைட்டமின் கே அதிகம், அது மருந்தின் வேலையைக் குறைக்கும். சிறுநீரகக் கல் வந்தவர் என்றால் பீட்ரூட், பசலைக் கீரைச் சாற்றையும் டாக்டரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும், இரண்டிலும் ஆக்சலேட் அதிகம்.

கேட்டவர்:
வார்ஃபரின்தான் எடுக்கிறார்! அப்படியானால் கீரையை இன்றைக்கே நிறுத்திவிடவா?

பதில் 4:
நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். சட்டென்று குறைத்தாலும் மருந்தின் வேகம் கூடிவிடும். இன்றே டாக்டரிடம் பேசி, இதுவரை எவ்வளவு கீரைச் சாறு கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை எப்போது செய்ய வேண்டும் என்றும் கேளுங்கள். ஸ்லோ ஜூஸர் அதே ஒரு கட்டிலிருந்து இன்னும் நிறையச் சாறு பிழிந்து கொடுக்கும், அதாவது அப்பாவுக்குப் போகும் வைட்டமின் கே ஒரே நாளில் கூடிவிடும். அதனால் டாக்டர் அளவைச் சொல்லும்வரை புது மெஷினை வாங்காதீர்கள். கீரை கொஞ்சம் போதும் என்று சொன்னால், சுத்தம் செய்து வைத்திருக்கும் இந்த ஜூஸரிலேயே ஓட்டிக்கொள்ளலாம்.