நான்காம் நாளோடு கரு நின்றுபோகிறது, உதவுங்கள்

பினாங்கு, பாலிக் பூலாவ். மகள் ஐந்தாம் படிவம். கரு செல்கள் எப்படி உறுப்புகளாகப் பிரிகின்றன என்று உயிரியல் புராஜெக்ட் செய்ய கம்போங் கோழி (நாட்டுக்கோழி) முட்டைகளை அடைவைத்தோம். இரண்டு முறையும் நான்காம் நாளில் எல்லாமே செத்துவிட்டன.

அடைகாக்கும் பெட்டி 12 முட்டை பிடிக்கும் சின்னது, ஃபேன் இல்லை, திரையில் 37.5 டிகிரி காட்டுகிறது. மூன்றாம் நாள் இரவு டார்ச் அடித்தால் சிலந்தி வலை மாதிரி ரத்தக் குழாய்கள், நடுவில் ஒரு புள்ளி துடிக்கிறது, அதைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஓடிவந்துவிட்டார். கருவின் நடு செல் அடுக்கான நடுப்படையிலிருந்து இதயமும் ரத்தமும் வந்தாயிற்று, வெளி அடுக்கான புறப்படையிலிருந்து மூளையும் கண்ணும் உருவாகிக்கொண்டிருக்கும், அதுவரை சரி. மறுநாள் குழாய்கள் மறைந்து ஓரத்தில் சிவப்பு வளையம் மட்டும்.

முதல் தடவை முட்டை பழசோ என்று நினைத்து, அடுத்து சேவலோடு மேயும் கோழிகள் உள்ள ஓர் அண்ணனிடம் இட்டு மூன்று நாள்கூட ஆகாததாக வாங்கினேன். தினமும் மூன்று முறை திருப்பினோம், தண்ணீர்க் கிண்ணம் வைத்தோம், ஏர்கோன் இல்லாத அறைக்கு மாற்றினோம். அப்புறம்தான் தனி தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன்: பல்புக்குப் பக்கத்தில் 39.5, முட்டை படுத்திருக்கும் அடித்தட்டில் 36. எதை நம்புவது?

ஒப்படைக்க ஐந்து வாரம்தான் இருக்கிறது, பொரிக்கவே 21 நாள் வேண்டும். ஃபேன் இல்லாத பெட்டியில் தெர்மாமீட்டரை எந்த உயரத்தில் வைத்து எத்தனை டிகிரி பிடிக்கிறீர்கள்?