அமெரிக்க மக்காச்சோளம்: வாராந்திரப் பயிர்நிலையும் இறுதி மகசூலும் ஏன் ஒத்துப்போவதில்லை?

தீவனக்காரர் (கேள்வி):
கோழித் தீவன வணிகத்தில் இருப்பதால், சிகாகோ சந்தையின் மக்காச்சோள விலையையும், அதை அசைக்கும் அமெரிக்க வேளாண் துறை அறிக்கைகளையும் சில பருவங்களாகக் கவனித்து வருகிறேன். ஏப்ரல் முதல் நவம்பர் வரை திங்கள்கிழமைதோறும் வெளியாகும் பயிர் முன்னேற்ற அறிக்கையில், 'நன்று', 'மிக நன்று' என்னும் இரு தரங்களின் கூட்டு விழுக்காட்டைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். 2023 ஜூன் இறுதியில் அது 50 விழுக்காட்டுக்கு இறங்கியபோது விளைச்சல் கைவிட்டுப் போயிற்று என்றே பேசப்பட்டது. ஆனால் அவ்வாண்டின் மகசூல் ஏக்கருக்கு 177.3 புஷல் (ஒரு புஷல் மக்காச்சோளம் சுமார் 25 கிலோ), அதாவது அதுவரை காணாத உச்சம். 2012 மே மாதத்திலோ 77 விழுக்காடு பயிர் அவ்விரு தரங்களில் இருந்தது. கடைசியில் கிடைத்தது ஏக்கருக்குச் சுமார் 123 புஷல்தான். உற்பத்தி முன்கணிப்பு இந்தத் தரங்களிலிருந்துதான் கணக்கிடப்படுகிறதா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மேழி:
இல்லை, இரண்டும் ஒரே துறையின் புள்ளியியல் பிரிவிலிருந்து வந்தாலும் வெவ்வேறு வழியில் பிறப்பவை. வாராந்திர அறிக்கைக்குத் தகவல் தருபவர்கள் மாவட்ட அளவில் பணிபுரியும் வேளாண் விரிவாக்க அலுவலர்களும், அன்றாடம் வயல்களைப் பார்க்கும் வாய்ப்புள்ள பிறரும். விதைப்பு, முளைப்பு, பட்டிழை (மகரந்தத்தை ஏற்கும் கதிர்நுனி இழை) வெளிவருதல், முற்றிவரும் மணியின் உச்சியில் குழி விழுதல், முதிர்ச்சி, அறுவடை ஆகிய ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு முடிந்துள்ளது என்றும், பயிர் 'மிக மோசம்' முதல் 'மிக நன்று' வரையுள்ள ஐந்து தரங்களில் எப்படிப் பிரிந்து நிற்கிறது என்றும் அவர்கள் கண்மதிப்பாகச் சொல்கிறார்கள். அங்கே எவரும் கதிரை எடைபோடுவதில்லை.

மகசூல் முன்கணிப்பு மாதாந்திர பயிர் உற்பத்தி அறிக்கையில் வருவது. ஆகஸ்டு கணிப்பு, விவசாயிகளிடம் எடுக்கும் கணக்கெடுப்பையும் செயற்கைக்கோள் தரவையும் சார்ந்தது. செப்டம்பரிலிருந்து நேரடி அளவீடும் சேர்கிறது: முக்கிய மாநிலங்களில் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்த வயல்களில், இரு வரிசைகளை 15 அடி நீளத்துக்குக் குறித்துக்கொண்டு, செடிகளையும் கதிர்களையும் எண்ணி, கதிரில் மணி பிடித்துள்ள நீளத்தையும் கதிரின் தடிமனையும் அளக்கிறார்கள். முற்றிய பிறகு அந்தக் கதிர்களைப் பறித்து, ஆய்வகத்தில் எடையும் ஈரப்பதமும் பார்த்து, 15.5 விழுக்காடு ஈரப்பதத்துக்குச் சமன்செய்கிறார்கள். அறுவடை எந்திரம் போன பின் தரையில் சிந்திக் கிடக்கும் மணிகளையும் பொறுக்கி எடைபோட்டு, அந்த இழப்பைக் கழிப்பதும் உண்டு. இவ்வளவு பாடுபட்டு வரும் எண்ணை விட்டுவிட்டுத் திங்கள்கிழமை விழுக்காட்டின் பின்னால் வணிகர்கள் ஓடுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

கருங்கரிசல்:
மேழி அவர்கள் சொன்னது சரி என்றாலும், வாராந்திரத் தரத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. அது எந்த வாரத்துத் தரம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். மக்காச்சோளம் மிகுதியாக விளையும் அயோவா, இல்லினாய் மாநிலங்களில் பெரும்பகுதிப் பயிர் பட்டிழை விடுவது ஜூலை மாதத்தில். அந்தச் சில நாள்களில் நீர் வற்றினால் இழைகள் வெளிவரத் தாமதமாகி, மகரந்தம் உதிர்ந்து தீர்ந்துவிடும். பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் கதிரில் மணி பொக்காகத்தான் இருக்கும். 2023-இல் வறட்சி ஜூனில் வாட்டியது, ஜூலையில் மழை கிடைத்தது. ஜூன் மாதத்தில் இலை சுருண்ட பயிர் பார்வைக்கு மோசமாகத் தெரிந்தாலும், வேர் ஆழமாக இறங்கியிருந்தால் மீண்டு விடும். 2012-இல் ஜூலையிலேயே வெப்பமும் வறட்சியும் சேர்ந்து தாக்கின. ஏக்கருக்கு 166 புஷல் என ஜூன் வரை சொல்லப்பட்ட எதிர்பார்ப்பு ஆகஸ்டில் 123.4 ஆகச் சரிந்தது, சிகாகோ விலையும் புஷலுக்கு 8 டாலரைத் தாண்டியது. ஜூன் கணிப்பு அளந்து சொன்னதன்று. இயல்பான வானிலை இருக்கும் என்ற அனுமானத்தில் நீண்டகாலப் போக்கிலிருந்து எடுத்தது.

தீவனக்காரர்:
மிக்க நன்றி. அப்படியானால் செப்டம்பருக்குப் பின் வரும் அறுவடை விழுக்காட்டை எப்படி எடுத்துக்கொள்வது? அது வேகமாக ஏறினால் விளைச்சல் நன்றாக இருக்கிறது என்று பொருளா?

மேழி:
இல்லை, ஐயா. வானம் வறண்டிருந்து எந்திரம் தங்குதடையின்றி ஓடுகிறது என்பதையே அது பெரும்பாலும் காட்டும். மகசூலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மந்தமாக இருந்தால் மட்டும் கவலைக்கு இடமுண்டு. 2019-இல் மழையால் விதைப்பே பிந்தியது: மே 26 அன்று 58 விழுக்காடுதான் முடிந்திருந்தது, வழக்கமாக அந்நாளில் 90 விழுக்காடு முடிந்திருக்கும். அதன் தொடர்ச்சியாக வட டகோட்டாவில் கணிசமான மக்காச்சோளம் குளிர்காலம் முழுவதும் பனியில் நின்றது.

பரப்பிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 2023-இல் விதைத்தது 94.6 மில்லியன் ஏக்கர், மணிக்காக அறுத்தது 86.5 மில்லியன் ஏக்கர். இடைவெளியில் பெரும்பகுதி மாட்டுத் தீவனத்துக்காகப் பச்சையாக வெட்டப்பட்டது, எஞ்சியது கைவிடப்பட்டது. மொத்த உற்பத்தியை அறிய, மகசூலை அறுத்த பரப்பால்தான் பெருக்க வேண்டும். ஒரு புஷல் 25.4 கிலோ என்பதால், 177.3 புஷல் என்பது ஏக்கருக்கு ஏறத்தாழ நாலரை டன்.

கருங்கரிசல்:
ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு மாதக் கணிப்பும் அந்த மாதத்தின் முதல் தேதி நிலவரத்தைச் சொல்வது. 2020 ஆகஸ்டு 10 அன்று அயோவாவைக் கடும் சூறைக்காற்று தாக்கிப் பயிரைத் தரையோடு சாய்த்தது. இரண்டே நாள் கழித்து வந்த அறிக்கையோ ஏக்கருக்கு 181.8 புஷல் என்றது, ஏனெனில் அது ஆகஸ்டு 1 நிலவரம். அடுத்த ஜனவரியில் வந்த ஆண்டுக் கணக்கு அதை 172 ஆக்கியது. ஆகவே விலைபேசும்போது அறிக்கை வெளியான நாளைக் காட்டிலும், அது எந்த நாளின் நிலவரம் என்பதைப் பாருங்கள்.