சார்குட்டரி (பதப்படுத்தின இறைச்சி, சீஸ், பழம், நட்ஸ் எல்லாம் சேத்து வைக்கற ஸ்நாக்ஸ்) கப், கோன் எல்லாம் பார்ட்டில குடுத்தவங்க, சாப்பிட்டவங்க அனுபவத்த இங்க எழுதுங்க

எடிசன்காரி:
நானே ஆரம்பிக்கறேன். நாத்தனாருக்கு பேபி ஷவர், நியூஜெர்சில பார்க் பெவிலியன்ல, ஜூலை வெயில்ல. பாதி பேர் அவ ஆபீஸ்காரங்க, மீதி நம்மாளுங்க. பெரிய மரப்பலகைல சீஸ், சலாமி (உப்பு போட்டு காயவச்ச இறைச்சி) எல்லாம் பரப்பி வச்சா ஆளாளுக்கு கைய விடுவாங்க, கோவிடுக்கு அப்புறம் அத பாத்தாலே சில பேர் மூஞ்சி சுளிக்கறாங்க, 2020ல இந்த ஆளுக்கொரு கப் பழக்கம் அவ்ளோ வேகமா பரவினதும் அதனாலதான், சரின்னு நானும் கப்புக்கே போயிட்டேன். 9 அவுன்ஸ் பிளாஸ்டிக் டம்ளர், அடில பாதாம், மேல திராட்சை, அதுக்கு மேல மூங்கில் குச்சில சலாமி, செடார் சீஸ், ஆலிவ்.

இதுல வேடிக்கை என்னன்னா யாருக்காக பார்ட்டியோ அவளே அத சாப்பிடக்கூடாது. கர்ப்பமா இருக்கறவங்களுக்கு லிஸ்டீரியாங்கற பாக்டீரியா பயம் இருக்கறதால சலாமி மாதிரி ஐட்டம் எல்லாம் 165 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு சுட வச்சாதான் சாப்பிடலாம்னு அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சிடிசியே சொல்லுது. அதனால அவளுக்கு மட்டும் பாஸ்ச்சுரைஸ் பண்ண செடார், ஸ்ட்ராபெரி, நட்ஸ், க்ராக்கர்னு தனி கப் போட்டு ரிப்பன் கட்டி வச்சேன். கடைசில பாத்தா எல்லாரும் அந்த ரிப்பன் கப்தான் வேணும்னு கேக்கறாங்க 😄

கேட்டரிங் கிச்சன்:
அக்கா, ஜூலைல வெளிலயா? தைரியம்தான். நாங்க டெக்சாஸ்ல கார்ப்பரேட் ஈவென்ட்டுக்கு இதத்தான் அதிகமா பண்றோம். அமெரிக்க விவசாயத் துறை யுஎஸ்டிஏ கணக்கு ரெண்டு மணி நேரம், வெளில சூடு 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல போனா ஒரே மணி நேரம், அதுக்கப்புறம் வெளில இருந்தது குப்பைக்குத்தான். முழுசா கட்டித் தொங்கவிட்ட ட்ரை சலாமி வெளில நிக்கும், ஆனா ஸ்லைஸ் போட்டுட்டா ஃப்ரிட்ஜ்தான். நிறைய பேர் "இது உப்பு போட்டு காயவச்சதுதானே, என்ன ஆகப்போவுது"ன்னு கேப்பாங்க. 2024 ஜனவரில அமெரிக்கால சார்குட்டரி மீட் பாக்கெட்டால சால்மோனெல்லா கிருமி பரவி ரீகால் பண்ணாங்க, அத சொன்னா வாய மூடிடுவாங்க. நாங்க மொத்தத்தையும் ஒரேடியா வெளில வைக்கறதில்ல. ட்ரேல ஐஸ் பரப்பி அதுமேல கொஞ்சம் கப், மீதி ஃப்ரிட்ஜ்ல, காலியாக ஆக கொண்டு வருவோம்.

அடுத்தது ஈரம். கப்புல கெட்டுப்போற முதல் ஐட்டம் க்ராக்கர்தான். வெட்டின பழம், ஆலிவ் தண்ணி, சீஸ் வேர்க்கறது எல்லாம் சேந்து அரை மணில அத நமத்துப்போக வச்சிடும். ஆலிவ், கார்னிஷான் (குட்டி வெள்ளரி ஊறுகாய்) ரெண்டையும் பேப்பர் டவல்ல நல்லா ஒத்தி எடுத்துட்டுதான் குச்சில கோக்கணும், க்ராக்கர கடைசி நிமிஷம் சொருகணும், இல்ல தனி பாக்கெட்டா பக்கத்துல வைக்கணும். ப்ரீ சீஸ் கப்புக்கு சரிப்படாது, உருகி எல்லாத்து மேலயும் ஒட்டும், அதுக்கு பதிலா கௌடா, மான்செகோ மாதிரி கெட்டியா நிக்கறது எடுங்க. தேன ஊத்தாதீங்க, ஸ்டிக் பாக்கெட் வச்சா போதும். அப்புறம் அலங்காரத்துக்கு சொருகற ரோஸ்மேரி இலைக் குச்சி, போட்டோவுக்கு நல்லாத்தான் இருக்கு, வாய் கிட்ட கொண்டு போனா மூக்குல குத்துது, நாங்க நிறுத்திட்டோம்.

வெஜ் மாமி:
நான் சைவம், இந்த மாதிரி பார்ட்டிக்கெல்லாம் போனா "உங்களுக்கு சீஸ் மட்டும் போட்ட கப் இருக்கு மாமி"ன்னு ஆசையா கொண்டாந்து குடுப்பா. பார்மிஜானோ ரெஜ்ஜானோ, க்ரானா படானோங்கற சீஸெல்லாம் பால உறைய வைக்க கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கற ரென்னெட் போட்டுத்தான் பண்றான்னு அந்தக் குழந்தைகளுக்கு எங்க தெரியப் போறது. பாக்கெட்ல வெஜிடேரியன் ரென்னெட்னு போட்டிருக்கான்னு ஒரு தடவை பாத்துண்டா முடிஞ்சுது. இன்னொண்ணு, சலாமி வெட்டின கத்தியாலயே என் சீஸையும் வெட்டிட்டு சைவம்னு குடுக்காதீங்கோ. சைவக் கப்பெல்லாம் முதல்ல பண்ணி மூடி வச்சுட்டு அப்புறமா அந்தப் பக்கம் போங்கோ.

ஸ்கார்பரோ பெடியன்:
மாமி சொல்லுறது சரி. எங்கட அண்ணான்ர ரிசெப்ஷன்ல காக்டெய்ல் நேரத்துக்கு கோன் குடுத்தவை, ஸ்டாண்டில ஓட்டை போட்டு வரிசையா குத்தி வச்சிருந்தவை, பாக்க வடிவு எண்டால் வடிவு. ஆனா கையில கோன், மற்றக் கையில டிரிங்க், கோனை எங்கயும் வைக்க ஏலாது, ஆர் வந்து கை குடுத்தாலும் கஷ்டம். ஒரு அங்கிள் கோனை கோட் பொக்கற்றுக்குள்ள விட்டுட்டு டான்ஸ் ஆடப் போட்டார். கப் எண்டால் மேசையில வைக்கலாம்.

பன்றி, மாடு ரெண்டும் சாப்பிடாத ஆக்களும் இருந்தவை, முஸ்லிம் சிநேகிதரும் வந்தவை. அதால ஹலால் டர்க்கி (வான்கோழி) பெப்பரோனி கோனுக்கு பச்சைப் பேப்பர், பன்றிக்கு சிவப்பு, வேற வேற மேசை, அது நல்ல வேலை. அம்மம்மா ப்ரோஷூட்டோவைப் பாத்திட்டு "இது பச்சை இறைச்சியெல்லோ, சமைக்கேல்லையோ" எண்டு கேட்டவ. பார்மா ப்ரோஷூட்டோவில பன்றித்தொடையும் உப்பும் மட்டும்தான், ஒரு வருசத்துக்கு மேல பழுக்க வைக்கிறவை, எங்கட கருவாடு மாதிரித்தான் எண்டு சொல்ல, ஒரு துண்டை மணந்து பாத்திட்டு "கருவாட்டுக்கு இதைவிட வாசம் இருக்கு" எண்டு திருப்பித் தந்திட்டா.

ஊர்சுத்தி:
கோன திட்டாதீங்க ப்ரோ, அதுக்கான இடத்துல அது செமயா இருக்கும். பார்சிலோனா போக்கேரியா மார்க்கெட்ல பேப்பர் கோன்ல ஹாமோன் (உப்பு போட்டு பழுக்க வச்ச ஸ்பெயின் பன்றித்தொடை) போட்டு குடுப்பாங்க. ஹாமோன் மட்டும்தான், க்ராக்கர் கிடையாது, திராட்சை கிடையாது, காகிதம் மாதிரி மெல்லிசா சீவினது. ஐபெரிகோ இனப் பன்றி ஹாமோன்ல ஜில்லுனு இருந்தா டேஸ்ட் வராது, கொழுப்பு லேசா இளகி பளபளன்னு ஆகணும், நடந்துட்டே அஞ்சு நிமிஷத்துல காலி பண்ணிடறோம், அதனால ரெண்டு மணி நேரக் கணக்கெல்லாம் அங்க தேவையே இல்ல. கருப்பு லேபிள்னா நூறு சதவீதம் ஐபெரிகோ இனம், ஓக் மரத்துக் கொட்டை தின்னு வளந்தது, விலையும் அதுக்கேத்த மாதிரி. என்னக் கேட்டா பார்ட்டிலயும் ஒரே ஒரு நல்ல ஐட்டத்த கோன்ல போட்டு கைல குடுத்தா போதும், பத்து ஐட்டத்த அதுல திணிக்கறதாலதான் பிரச்சனையே.

எடிசன்காரி:
கேட்டரிங் தம்பி, ரெண்டு டவுட். ஆளுக்கு எவ்ளோ கணக்கு? அப்புறம் இத வீட்ல செஞ்சு விக்கலாமா, பேபி ஷவர் பாத்துட்டு ரெண்டு பேர் ஆர்டர் கேக்கறாங்க.

கேட்டரிங் கிச்சன்:
பின்னாடி டின்னர் இருந்தா மீட் 2 அவுன்ஸ், சீஸ் 2 அவுன்ஸ் தாராளம் அக்கா, கப்புல அதவிட கொஞ்சம் கம்மியாவே போடலாம். விக்கறதுக்கு முன்னாடி உங்க கவுன்ட்டி ஹெல்த் டிபார்ட்மென்ட்ல கேட்டுடுங்க, வீட்டுக் கிச்சனுக்கான காட்டேஜ் ஃபுட் சட்டம் கேக், குக்கீ மாதிரி ஐட்டத்துக்குத்தான், ஃப்ரிட்ஜ்ல வைக்க வேண்டிய மீட் ஐட்டத்த பெரும்பாலான மாநிலங்கள்ல விட மாட்டாங்க, லைசென்ஸ் இருக்கற கமர்ஷியல் கிச்சன மணிக்கணக்குல வாடகைக்கு எடுக்கணும். லேபிள்ல எள்ளையும் சேத்துடுங்க, 2023ல இருந்து அது ஒன்பதாவது முக்கிய அலர்ஜி லிஸ்ட்ல இருக்கு, பாதி க்ராக்கர்ல அது ஒட்டிட்டு இருக்கும். சின்னப் பசங்க கப்புல குச்சி வேணாம், திராட்சைய நீளவாக்குல நாலா வெட்டிப் போடுங்க.