பத்து வயதுப் பெண்ணுக்கு ஒரு நாவல் தேடுகிறேன்

அக்காவும் மாமாவும் பிரிந்துவிட்டார்கள். அவர்கள் மகள் ஜூன் மாதம் சென்னையிலிருந்து தென்காசிக்கு, பாட்டி வீட்டுக்கு வந்துவிட்டாள். பள்ளியும் புதிது. பேச்சு ரொம்பக் குறைந்துவிட்டது. வாசிப்பு மட்டும் குறையவில்லை.

முதலில் 'தி சீக்ரெட் கார்டன்' (1911) என்ற ஆங்கில நாவலைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். ராபின் பறவை மண்ணைக் கிளறும் இடத்தில் கதாநாயகி மேரிக்குத் தோட்டத்துச் சாவி கிடைக்குமே, அதை எனக்கு வாசித்தும் காட்டினாள். மறுநாள் பழைய பெயின்ட் வாளியில் வெண்டை விதை ஊன்றினாள். இப்போது நான்கு இலை விட்டிருக்கிறது.

அப்புறம் ஒரு ராத்திரி கேட்டாள்: "சித்தி, மேரியோட அம்மா அப்பா காலரால செத்துட்டாங்க. எங்க அப்பா இருக்காரே?"

'ஹைடி', 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' இரண்டிலும் பெற்றோரை இழந்த குழந்தைகள்தான். எரிக் கேஸ்ட்னரின் இரட்டைச் சகோதரிகள் கதையில் (1949) பெற்றோர் பிரிந்தவர்கள், ஆனால் கடைசியில் சேர்ந்துவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையை இவளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை, அலமாரியிலேயே வைத்துவிட்டேன். ஊர் நூலகத்திலும் இரண்டு புத்தகக் கடைகளிலும் தேடியாயிற்று.

தமிழில் இருந்தால் ரொம்ப நல்லது. எளிய ஆங்கிலமும் படிப்பாள். 200 பக்கம் வரை சரி.

அம்மா அப்பா இருவரும் உயிரோடு இருந்து, கடைசிவரை பிரிந்தே வாழ, குழந்தை காடோ ஆறோ தோட்டமோ துணையாகப் புது ஊரில் வேர்பிடிக்கும் நாவல் எது?