மதுவத்தின்ர நாலு இழை முடிச்சு: விளக்கத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கிறீங்களா?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில உயர்தர உயிரியல் படிப்பிக்கிறன். அப்பத்துக்குப் போடுற ஈஸ்ட்தானே மதுவம்; அதின்ர டி.என்.ஏ எல்லா இடத்திலயும் இரட்டைச் சுருளாகவே இருக்காது எண்டு சொன்னன். குவானின் எண்ட டி.என்.ஏ மூலம் நிறைஞ்ச இடத்தில குவானின்கள் நாலு நாலாச் சேர்ந்து தட்டாகும். தட்டுகள் அடுக்காகும், நடுவில பொற்றாசியம் அயன் இறுக்கிப் பிடிக்கும். இதைத்தான் நாலு இழை முடிச்சு (G-quadruplex) எண்டு சொல்லுறன். பிஃப்-1 நொதியம்தான் அதை அவிழ்க்கிறது.

ஒரு பிள்ளை பனையோலைக் கீலம் ஒண்டை நாலா மடிச்சுக் காட்டி, "டீச்சர், இது புரோமோட்டரில விழுந்தா பரம்பரையலகின்ர வெளிப்பாடு குறையுமா, கூடுமா?" எண்டு கேட்டாள். (புரோமோட்டர் எண்டது பரம்பரையலகைப் படியெடுக்கத் தொடங்கிற இடம்.) இடத்தைப் பொறுத்து ரெண்டும் நடக்கலாம் எண்டன். அந்த மறுமொழி அவளுக்குக் காணாது, எனக்கும் காணாது.

முடிச்சு எந்த இழையில விழுந்தா, டி.என்.ஏயில இருந்து ஆர்.என்.ஏ படியெடுக்கிற நொதியமான ஆர்.என்.ஏ பொலிமரேசு தடைப்படும்? தெரிஞ்சவை தமிழில விளக்குங்கோ, ஒரு படம் கீறி அனுப்பினாலும் பெரிய உதவி. வியாழக்கிழமை அடுத்த பாடம்.