டோகமாக் ஹார்ட் எக்ஸ்ரே: பார்த்தவர்கள் எழுதுங்கள்

காட்பாடி பையன்:
காந்திநகரில் ஆதித்யா டோகமாக்கில் (சூடான பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளையமாக அடைத்து வைக்கிற மெஷின்) புராஜெக்ட் செய்தபோது நடந்தது. ஷாட், அதாவது ஒருமுறை பிளாஸ்மாவை மூட்டுவது, ஒரு விநாடிகூட நீடிக்காது, ஹாலுக்குள் யாரும் இருக்கக்கூடாது, அப்புறம் திரையில் கோடுகள் வந்து விழும். அன்றைக்கு மின்னோட்டக் கோடு வழவழவென்று போகிறது, பிளாஸ்மா அடர்த்தி மட்டும் மெல்ல இறங்குகிறது, கீழே ஹார்ட் எக்ஸ்ரேயை (ஆற்றல் கூடிய எக்ஸ்ரே) அளக்கிற சோடியம் அயோடைடு டிடெக்டரின் கோடு முள்முள்ளாக எழும்பி, உச்சியில் முட்டித் தட்டையாக நின்றுவிட்டது. அடர்த்தி குறைந்தால் மோதித் தடுக்க ஆளில்லாமல் சில எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு ஓடும், சரி. எங்கே போய் முட்டின? ஒற்றை டிடெக்டர் அதைச் சொல்லாது. இன்னும் மண்டைக்குள் அரிக்கிறது.

சி-ஆர்ம் மாமா, வேலூர்:
லிமிட்டரில்தான் தம்பி, பிளாஸ்மா சுவரைத் தொடாமல் தடுக்கிற அந்தத் தகட்டில், வேறெங்கே? எங்கள் எக்ஸ்ரே டியூபில் எலக்ட்ரான் முட்டுவது டங்ஸ்டனில், அங்கே கிராஃபைட்டில், அவ்வளவுதான். அண்ணன் மகள் ஒரு படம் காட்டினாள், அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் பிபிஎக்ஸ்-எம் என்று ஒரு டோகமாக் இருந்ததாம். அதில் வேக எலக்ட்ரானைப் படமெடுக்க மாட்டியிருந்தது, ஆபரேஷன் தியேட்டரில் நான் தினமும் உருட்டுகிற சி-ஆர்ம் எக்ஸ்ரே மெஷினில் இருக்கிற அதே வகை இமேஜ் இன்டென்சிஃபையர் (எக்ஸ்ரேயை வெளிச்சப் படமாக்கிக் காட்டும் குழாய்)! லென்ஸ் கிடையாது, முன்னால் ஊசித்துளை மட்டும். நடு மங்கி, சுற்றிலும் வெளிச்ச வளையம். எலும்பின் நிழலையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பிளாஸ்மாவே எக்ஸ்ரே விடுவது ஒரு மாதிரி இருந்தது.

குடியாத்தம் வாத்தியார்:
மாமா, ரெண்டையும் கலக்காதீங்க. அந்த வளையம், வெளியிலிருந்து செலுத்துகிற லோயர் ஹைப்ரிட் என்ற ரேடியோ அலை தள்ளிவிட்ட எலக்ட்ரான்கள் பிளாஸ்மாவுக்குள்ளேயே அயனிகளில் இடறி விட்ட எக்ஸ்ரே. தம்பி சொல்வது ஓடிப்போய்ச் சுவரில் மோதுகிற கூட்டம்.

ராணிப்பேட்டை ஆர்டி:
நான் பாய்லர் வெல்டுக்கு, தானே கதிர்வீச்சு விடுகிற இரிடியம்-192 வைத்துப் படமெடுக்கிறவன், டோகமாக்கைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். மெஷினை அணைத்தால் எக்ஸ்ரே நின்றுவிடும், என் இரிடியம் நிற்காது, மெஷின்தான் நின்றுவிடுமே என்ற தைரியத்தில் பிள்ளைகள் டிஎல்டி பேட்ஜை (உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்கிறது) பைக்குள் போட்டுவிடுகிறார்கள். நெஞ்சில் குத்துங்கள், ஈய ஏப்ரன் போட்டால் அதற்கு உள்ளே. வெயிலில் நிற்கிற வண்டியில் விடாதீர்கள், அடுத்தவனுக்கு இரவல் தராதீர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பச் சொன்னால் அனுப்புங்கள். தூரம் இரண்டு மடங்கானால் டோஸ் கால்வாசி, இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

காட்பாடி பையன்:
அண்ணே, பேட்ஜ் நெஞ்சில்தான் இருந்தது. வாத்தியார் சொல்வது சரி, ஆனால் ஈயத்தில் பிளவு விட்டு டிடெக்டர்களை வரிசையாக வைத்திருந்தால் எந்தப் பக்கம் என்றாவது பிடித்திருக்கலாமே?