மனதைக் கொட்டி எழுதினால் தூக்கம் போகிறது, என்ன செய்யலாம்?

பெங்களூரு மாரத்தஹள்ளியில் ஐடி வேலை. தீபாவளிக்குப் பிறகு ராத்திரி படுத்தால் ஆபீஸ், வாடகை, ஊரில் அம்மாவின் சர்க்கரை என்று மண்டைக்குள் எல்லாம் ஓடுகிறது.

வருவதை அப்படியே, திருத்தாமல் எழுதிப் பார்த்தேன். போனில் எழுதினால் வாட்ஸ்அப் இழுக்கிறது. சரி என்று நோட்டுக்கு மாறினேன். மனதில் உள்ளதைக் கொட்டி எழுதுவது பற்றி அமெரிக்க உளவியலாளர் பென்னிபேக்கர் செய்த 1986 ஆய்வில் உள்ளபடி தினம் 15 நிமிடம், தொடர்ந்து நான்கு இரவு. நெஞ்சு லேசானது உண்மை, ஆனால் எழுதி முடித்ததும் தூக்கம் சுத்தமாகப் போய்விடுகிறது. அப்புறம் 2018 பேய்லர் பல்கலைக்கழக ஆய்வைப் படித்து, படுக்கும் முன் 5 நிமிடம் நாளைய வேலைகளை மட்டும் எழுதினேன். தூக்கம் வருகிறது, பாரம் இறங்கவில்லை. இரண்டுமே எனக்கு வேண்டும்.

காலை ஏழுக்கே கேப் வந்துவிடும். அவுட்டர் ரிங் ரோடு நெரிசலில் எழுத்து வருவதில்லை.

வேலைக்குப் போகிறவர்கள், தூக்கம் கெடாமல் எந்த நேரத்தில் இப்படி எழுதுகிறீர்கள்?